ஒரு வருடக் குத்தகையில் மரம் நடுவது யார்?

பிக்கரிங் நகரின் புரொக் வீதியில் வடக்கே போனால், ஏழாம் இலக்க நெடுஞ்சாலையை அண்டி பிரௌம் என்றொரு சிற்றூர் வரும். ஸ்காபரோவில் இருந்து அரை மணி நேர ஓட்டம்தான். அங்கும் அதைச் சூழ்ந்த கிராம வீதிகளிலும் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வீதியிலிருந்து ஒரு தனிப்பாதை பிரிந்து உள்ளே போகும். இரு பக்கமும் யாரோ ஒரு காலத்தில் நட்ட மேப்பிள் மரங்கள் வரிசையாக நிற்கும். பாதை முடிகிற இடத்தில் வீடு இராது, புல் மட்டும் இருக்கும். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்குத்தான் நினைவில் வந்தது. மயிலிட்டிப் பக்கம் இராணுவம் காணி விடுவித்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னதும் இதுதானே: கிணற்றைக் கண்டோம், வீட்டைக் காணவில்லை.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் செல்வீச்சுக்கு நடுவே கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பிக்கரிங் விவசாயிகளுக்குச் சட்டப்படி அறிவித்தல் வந்தது, நட்டஈடும் கிடைத்தது. ஆனாலும் அங்கே பலாலி, இங்கே பிக்கரிங் என்று இரண்டு இடத்திலும் ஒரு விமானத்தளத்தின் பெயரால் ஊர் காலியானது. ஊரைப் பறிகொடுத்தவர்கள் இரண்டு இடத்திலும் பல பத்தாண்டுகள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரொறன்ரோத் தமிழர் சூழலைப் பற்றியும் நியாயத்தைப் பற்றியும் பேசத் தொடங்க வேண்டிய இடம் இந்தப் புல்வெளி என்று நான் நினைக்கிறேன்.

1972 மார்ச்சில் கனடிய மத்திய அரசு ரொறன்ரோவுக்குக் கிழக்கே இன்னொரு பெரிய விமான நிலையம் கட்டப்போவதாக அறிவித்தது. அதற்காக 18,600 ஏக்கரைச் சுவீகரித்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள், சில தலைமுறைகளாகப் பயிர் செய்த பண்ணைகள், சிறு கிராமங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் அகப்பட்டன. அங்கிருந்த மக்கள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'பீப்பிள் ஓர் பிளேன்ஸ்'. மனிதரா விமானங்களா என்று பெயரிலேயே கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன் ஒரு பதாகையைக்கூடத் தூக்கியிராதவர்கள். விசாரணை ஆணைக்குழுவின் முன் போனார்கள், ஊர்வலம் போனார்கள், இடிக்க வந்த இயந்திரங்களின் முன் நின்றார்கள். 1975 செப்டெம்பரில், விமான நிலையத்துக்கு வேண்டிய வீதிகளையும் கழிவுநீர் வசதியையும் கட்டித்தர மாட்டோம் என்று ஒன்ராறியோ மாகாண அரசு கைவிரித்தது. திட்டம் நின்றது.

நின்றதே தவிர, நிலம் திரும்பவில்லை. என்றோ ஒருநாள் தேவைப்படும் என்று மத்திய அரசு அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. சொந்தக்காரராக இருந்தவர்கள் தங்கள் வீட்டிலேயே வாடகைக்கு இருந்தார்கள், தங்கள் வயலையே குத்தகைக்கு எடுத்து உழுதார்கள். பழுதான வீடுகள் திருத்தப்படாமல் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. நான் சொன்ன அந்த மரவரிசைகள் அப்படி மிஞ்சியவை.

குத்தகை பெரும்பாலும் வருடத்துக்கு வருடமாகத்தான் இருந்தது. இந்த ஒரு வரியில்தான் என் கட்டுரை முழுவதும் இருக்கிறது. அடுத்த வருடம் இந்த நிலத்தில் இருப்போமா என்று தெரியாத விவசாயி என்ன செய்வார்? சோளம் போடுவார், சோயா போடுவார். வித்து விதைத்தால் அதே வருடம் கையில் காசு. பழமரம் நட மாட்டார், ஏனென்றால் அது காய்க்க வருடங்கள் செல்லும். வயலுக்கடியில் வடிகால் குழாய் பதிக்க மாட்டார். காற்றுத்தடுப்பு வேலி வளர்க்க மாட்டார். களஞ்சியத்தின் கூரையை மாற்ற மாட்டார். அவர் சோம்பேறியும் அல்ல, மண்ணில் பாசமில்லாதவரும் அல்ல. இத்தனைக்கும் அது சாதாரண மண் அல்ல. கனடாவின் பரந்த நிலப்பரப்பில் முதல்தர விளைநிலம் என்று வகுக்கப்பட்டது சுமார் 0.5 சதவீதம் மட்டுமே. அந்தச் சிறு பங்கில் பெரும்பகுதி தென் ஒன்ராறியோவில், ரொறன்ரோ நகரம் நாளுக்கு நாள் விழுங்கி வரும் திசைகளில் கிடக்கிறது. பிக்கரிங் மண் அந்த வகை.

2005இல் 'லாண்ட் ஓவர் லாண்டிங்ஸ்' என்ற அடுத்த தலைமுறை அமைப்பு உருவானது. குத்தகைக் காலத்தை நீட்டித் தரும்படி அவர்கள் இடைவிடாமல் கேட்டதற்கு நான் மேலே சொன்னதுதான் காரணம். பின்னர் நீண்ட குத்தகைகள் ஓரளவு வந்தன. 2013இல் விமான நிலையத் திட்டம் மறுபடி உயிர்பெற்றது, எதிர்ப்பும் உயிர்பெற்றது. கடைசியில் 2025 ஜனவரி 27ஆம் தேதி, அன்றைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த், பிக்கரிங்கில் விமான நிலையம் வராது என்று அறிவித்தார். அந்த நிலத்தின் பெரும்பகுதியைப் பக்கத்தில் உள்ள ரூஜ் தேசிய நகரப் பூங்காவோடு சேர்க்கும் எண்ணத்தையும் வெளியிட்டார். தமிழ்நாட்டு வேர் கொண்டவர் அவர். அவருடைய தாத்தா வி. ஏ. சுந்தரம் காந்தியோடு நின்ற விடுதலைப் போராட்டக்காரர். அறிவித்தவர் யார் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கலாம். ஆனால் அந்த அறிவிப்பைச் சம்பாதித்தவர்கள், ஏறத்தாழ 53 வருடங்கள் தேவாலய நிலவறைகளிலும் சமையலறை மேசைகளிலும் கூட்டம் கூடிய ஊர் மக்கள்.

ரூஜ் பூங்காவும் அப்படி வந்ததுதான். ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தை அரசுகள் நெடுங்காலம் பின்வளவாகவே பார்த்தன. பியர் வீதியில் ரொறன்ரோவின் குப்பை 1968 முதல் 1983 வரை மலையாகக் குவிந்தது. 1975இல் சில குடும்பங்கள் சேர்ந்து ரூஜ் பள்ளத்தாக்கைக் காப்பதற்கென ஒரு சங்கம் அமைத்தன. அவர்கள் நாற்பது வருடம் விடாமல் நின்றதன் முடிவில், 2015இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி அதைக் கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்காவாக்கியது. இன்று 79 சதுர கிலோமீட்டர். நம்மவர்கள் இலையுதிர் காலத்தில் குடும்பமாகப் போய்ப் படம் எடுக்கிறோம், கோடையில் ஆற்றங்கரையில் கோழி வாட்டுகிறோம். அந்த ஆறு குப்பைமேட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் இரையாகாமல் தப்பியது எப்படி என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. நமக்கும் யாரும் சொல்லவில்லை.

2022 நவம்பரில் ஒன்ராறியோ அரசு, கட்டடம் எழும்பாமல் காக்கப்பட்ட பசுமை வளையத்தில் இருந்து 7,400 ஏக்கரை வெட்டியெடுத்து வீடு கட்டத் திறந்துவிட்டதையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் ஆகப் பெரிய துண்டு, இதே பிக்கரிங்கில் உள்ள டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்பு நிலம். வீட்டுப் பஞ்சம் என்று காரணம் சொன்னார்கள். அந்த அரசே நியமித்த வீட்டு வசதிச் செயற்குழு அதே வருடத் தொடக்கத்தில், நிலப் பற்றாக்குறை இந்தச் சிக்கலுக்குக் காரணம் அல்ல என்று எழுதிக் கொடுத்திருந்தது. 2023 ஆகஸ்டில் மாகாணக் கணக்காய்வாளரின் அறிக்கை, அந்த நிலங்களின் மதிப்பு 830 கோடி டொலருக்கு மேல் கூடக்கூடும் என்றும், சில குறிப்பிட்ட கட்டட முதலாளிகளுக்குச் சாதகமாகவே தெரிவு நடந்தது என்றும் சொன்னது. வீட்டு வசதி அமைச்சர் பதவி விலகினார். செப்டெம்பர் 21ஆம் தேதி முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றார். அறிக்கை வெளியாகும்வரை ஒன்பது மாதங்கள் அந்த விடயத்தை ஆறவிடாமல் வைத்திருந்தவர்கள், வார இறுதிகளில் சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலக வாசலில் நின்ற சாதாரண மனிதர்கள். பனியில் நின்றார்கள்.

இலங்கையில் படித்தவர்களுக்கு 'நிலைபேறான அபிவிருத்தி' என்ற சொல் பாடநூலிலிருந்து தெரியும். தமிழ்நாட்டில் அதையே 'நீடித்த வளர்ச்சி' என்பார்கள். எனக்கு நம்முடைய சொல்லே பிடித்திருக்கிறது. அதற்குள் நிலையும் பேறும் இருக்கின்றன. ஓர் இடத்தில் நிலைத்திருக்கக் கிடைப்பது ஒரு பேறு. அந்தப் பேறு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்த நகரத்தின் சூழல் கேள்வி. துணிப்பை கொண்டுபோவதும் பச்சைப் பெட்டியில் சாப்பாட்டுக் கழிவைப் போடுவதும் நல்ல பழக்கங்கள், எல்லோரும் செய்யலாம். ஆனால் அவற்றையே பேசிக்கொண்டிருந்தால், பிக்கரிங் விவசாயியிடம் குத்தகை பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், ஏன் பழமரம் நடவில்லை என்று கேட்டவர்கள் ஆவோம்.

இந்த நகரத்தில் மிகக் குறைவாகப் பூமியைச் செலவழித்து வாழ்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். தொடர்மாடியில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேராக இருப்பவர்கள். பேஸ்மென்டில் இருந்து பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள். 2023 ஜூலை 24ஆம் தேதி ஸ்காபரோ மேம்பால ரயில் தடம் புரண்டு நிரந்தரமாக நின்ற பின், அதற்குப் பதிலான பேருந்தில் தினமும் கூடுதல் நேரம் நின்றுகொண்டு போனவர்கள். அவர்கள் யாரும் சூழலுக்காக என்று சொல்லி அப்படி வாழவில்லை, வருமானம் அவ்வளவுதான். ரொறன்ரோவின் கரிம வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் கட்டடங்களில் இருந்து, குறிப்பாக அவற்றைச் சூடாக்க எரிக்கும் எரிவாயுவில் இருந்து வருகிறது. 2040க்குள் மொத்த வெளியேற்றத்தையும் நிகரச் சுழியமாக்குவதாக நகரசபை உறுதி கொடுத்திருக்கிறது. அப்படியானால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்மாடிகளின் ஜன்னல், பல்கனி, சுவர், கொதிகலன் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்று கேட்டால் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் ஒரே வீட்டில் தொடர்ந்து இருக்கும் குடியிருப்பாளருக்கு வருடத்துக்கு எவ்வளவு வாடகை கூட்டலாம் என்று அரசு வரம்பு வைக்கிறது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் அது 2.5 சதவீதம். பெரிய திருத்த வேலை செய்தேன் என்று கட்டடச் சொந்தக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்தில் காட்டினால், அந்த வரம்புக்கு மேலும் வருடத்துக்கு 3 சதவீதம் வரை, மூன்று வருடத்தில் மொத்தம் 9 சதவீதம் வரை கூட்ட அனுமதி உண்டு. சக்தியைச் சேமிக்கும் வேலைகளும் அந்தப் பட்டியலில் அடக்கம். குடியிருப்பவர் வெளியேறிவிட்டால் அடுத்தவரிடம் கேட்கும் வாடகைக்கு எந்த வரம்பும் இல்லை. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு வருடாந்த வரம்பே இல்லை. ஆகவே பழைய குடித்தனக்காரர் எவ்வளவு காலம் இருக்கிறாரோ அவ்வளவுக்குச் சொந்தக்காரருக்கு 'நட்டம்'. இருபது வருடமாக இருப்பவர், சந்தை விலைக்குக் குறைவான வாடகையில் இருப்பவர், அதனால் எல்லோருக்கும் முன்னால் வெளியேற வேண்டியவர். நிலைத்திருத்தலைக் குற்றமாக்கும் கணக்கு இது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். தெற்குப் பார்த்த பல்கனி. விக்டோரியா நாள் விடுமுறை கழிந்ததும் வீட்டுக்குள்ளிருந்து சட்டிகள் வெளியே வரும். கறிவேப்பிலை, பச்சைமிளகாய், வல்லாரை, கயிற்றில் ஏறும் பயித்தங்காய், ஒரு பாகற்கொடி. ஐப்பசிக் குளிர் தொடங்க முதல் கறிவேப்பிலை மட்டும் திரும்ப உள்ளே போகும். போன கோடையில் ஒரு நோட்டீஸ் வந்தது. பல்கனித் திருத்த வேலை, இரண்டு வாரத்துக்குள் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். பயிற்றங்கொடி பூத்திருந்த நேரம். "தம்பி, சட்டியைத் தூக்கி எங்க வைக்கிறது? உள்ள வெயில் இல்லையே" என்று என்னைக் கேட்டார். வேலை முடிந்து சில மாதத்தில் இன்னொரு கடிதம்: அந்த வேலைக்கான செலவை வாடகையில் கூட்ட விண்ணப்பித்திருக்கிறோம். அவருடைய ஓய்வூதியத்தில் ஏற்கெனவே பாதிக்கு மேல் வாடகைக்குப் போகிறது. கடிதம் ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். அதை வாசித்து விளக்கியபோதுதான், அதை மறுக்க முடியும் என்பதே அவருக்குத் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் எத்தனை தமிழ் வீடு என்று கேட்டேன். "எண்ணி முடியாது" என்றார்.

மறுத்தவர்கள் இருக்கிறார்கள். 2017 மே முதலாம் தேதி ரொறன்ரோவின் பார்க்டேலில் பன்னிரண்டு கட்டடங்களைச் சேர்ந்த சுமார் 300 பேர் வாடகை கொடுக்காமல் நிறுத்தினார்கள். திபெத்தியர், பிலிப்பினோக்கள், எப்போதோ வந்து தங்கிவிட்ட தொழிலாளர்கள். வேறு வேறு மொழி, ஒரே கடிதம். மூன்று மாதத்துக்கு மேல் நின்றார்கள், ஆகஸ்டில் நிர்வாகம் இறங்கி வந்தது, கேட்ட கூடுதல் வாடகை குறைந்தது. 2023 மேயில் தோர்ன்கிளிஃப் பார்க் டிரைவில் மூன்று கட்டடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதையே செய்தார்கள், வெஸ்டனிலும் தொடர்ந்தது. வாடகை நிறுத்துவது ஆபத்தான வேலை, வீட்டை இழக்கலாம். யாரையும் தனியே அதைச் செய்யும்படி நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னே எத்தனையோ படிகள் இருக்கின்றன: கதவைத் தட்டிப் பெயர் எடுப்பது, சலவை அறையில் கூடுவது, தீர்ப்பாயத்துக்கு ஐம்பது பேராகப் போவது, நகரசபைக் குழுவில் ஐந்து நிமிடம் பேசப் பெயர் கொடுப்பது. திருத்த வேலை என்ற பெயரில் குடியிருப்பவரை வெளியேற்றுவதைக் கட்டுப்படுத்தும் நகர விதி 2025 ஜூலை 31இல் நடைமுறைக்கு வந்தது அப்படித்தான். அதற்குப் பின்னால் ஏகோர்ன் போன்ற வாடகையாளர் அமைப்புகள் வருடக்கணக்காகக் கதவு தட்டியிருக்கின்றன.

பார்க்டேலில் இன்னொன்றும் நடந்தது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதன் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. மில்கி வே என்ற ஒரு பின்சந்தில் ஒரு தோட்டம். திபெத்திய முதியவர்கள் உட்பட ஆங்கிலம் கற்க வந்த புதியவர்கள் அங்கே கீரை வளர்த்து வந்தார்கள். நிலம் விலைபோனால் தோட்டம் போய்விடும். 2017இல் அதைப் பார்க்டேல் அயல் நில அறக்கட்டளை வாங்கியது. 2019இல் அதே அறக்கட்டளை, 36 அலகுகள் கொண்ட ஒரு தங்குவிடுதியை வாங்கி, அங்கிருந்தவர்கள் அதே வாடகையில் இருக்கச் செய்தது. 2021இல் கென்சிங்டன் சந்தையில் இன்னோர் அறக்கட்டளை ஒரு கட்டடத்தை வாங்கியது. ஏற்பாடு எளிமையானது. நிலம் அறக்கட்டளையின் பெயரில் என்றென்றைக்கும் இருக்கும், அதை விற்று இலாபம் பார்க்க யாராலும் முடியாது. மேலே வீடும் தோட்டமும் கடையும் மக்களின் பாவனைக்கு.

இந்த ஏற்பாடு 1969இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் தொடங்கியது. வாக்காளராகப் பதிந்ததற்காகக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கறுப்பின விவசாயிகளுக்காக, சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற பெயரில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். நிலத்தை ஊருக்குப் பொதுவாக வைப்பது என்ற யோசனையை அவர்கள் எடுத்த இடங்களில் ஒன்று வினோபா பாவேயின் கிராமதானம். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் கேட்க ஒருவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னாரே, அந்தப் பூதானத்தின் அடுத்த கட்டம். தமிழ்நாட்டில் அதைக் கையிலெடுத்து நடந்தவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கிருஷ்ணம்மாள் கீழத்தஞ்சைக்குப் போனார், அங்கேயே தங்கினார். 1981இல் அவர்கள் அமைத்த லாஃப்டி, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது. பூதானத்தில் வந்த நிலம் எல்லாம் நல்ல நிலம் அல்ல, வாக்களித்த பலர் கொடுக்கவும் இல்லை. அந்தக் குறைகளைப் பார்த்தே அவர்கள் வேறு வழி தேடினார்கள். இருந்தும், போச்சம்பள்ளியில் முளைத்த ஓர் எண்ணம் ஜோர்ஜியா வழியாகச் சுற்றி, பார்க்டேலில் ஒரு கீரைப்பாத்தியைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

நம்மவர்களும் இதை ஒருமுறை செய்திருக்கிறார்கள். வந்த புதிதில், சென்ட் ஜேம்ஸ் டவுனிலும் பார்க்டேலிலும் நெருக்கியடித்து இருந்த காலத்தில், சிலர் கூடி வேட் அவென்யூவில் தமிழ்க் கூட்டுறவு இல்லத்தை அமைத்தார்கள். குடியிருப்பவர்களே உறுப்பினர்கள், அவர்களே நிர்வாகத்தைத் தெரிவு செய்வார்கள். அந்த வழி தொடர்ந்து திறந்திருந்தால் இன்று ஸ்காபரோவில் பத்துத் தமிழ்க் கூட்டுறவு இல்லங்கள் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1992இல் மத்திய அரசு கூட்டுறவு வீடுகளுக்கான புதிய நிதியை நிறுத்தியது. 1995இல் மாகாணத்தில் ஆட்சிக்கு வந்த மைக் ஹாரிஸ் அரசு, கட்டத் திட்டமிட்டிருந்த சுமார் 17,000 சமூக வீடுகளை ரத்துச் செய்தது. நம் சனம் பெருமளவில் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே வருடங்கள் அவை. வேறு வழியின்றி எல்லோரும் வீடு வாங்கினார்கள், இரண்டு வேலை செய்து கடன் கட்டினார்கள், கடனைக் கட்டப் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டார்கள். இப்போது எக்லிங்டன் கிழக்கு வீதியில், கென்னடி நிலையத்துக்குப் பக்கத்தில், 612 கூட்டுறவு வீடுகள் வரப்போகின்றன. ரொறன்ரோவில் கால் நூற்றாண்டாக இந்த அளவில் ஒன்று கட்டப்படவில்லை.

வீட்டுச் சொந்தக்காரராகிவிட்ட நம்மில் பலருக்கு இந்தப் பேச்சு சங்கடம் தரும் என்று தெரியும். அடுத்தடுத்து வந்து இறங்கும் மாணவர்களும் அகதிகளும் நம் பேஸ்மென்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் வாடகையில் நம் கடன் அடைகிறது. அதில் குற்றம் சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் பேஸ்மென்டில் மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்த நாம், இன்று நம் வீட்டில் படுத்திருப்பவருக்கு ரசீதும் தீப்புகை எச்சரிப்பானும் சரியான ஜன்னலும் கொடுக்கிறோமா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2023 ஏப்ரலில் தொடங்கிய ஒரு வருடத்தில் ரொறன்ரோவின் உணவு வங்கிகளுக்கு மக்கள் போன தடவைகள் 34 இலட்சத்து 90 ஆயிரம். பெருந்தொற்றுக்கு முன் அது ஏறத்தாழ 10 இலட்சம். 2024 டிசம்பரில் நகரசபை உணவுப் பாதுகாப்பின்மையை அவசரநிலை என்று அறிவித்தது. வரிசையில் நிற்பவர்களில் வேலை செய்பவர்கள் நிறையப் பேர். வாடகை கொடுத்த பிறகு சாப்பாட்டுக்கு மிஞ்சவில்லை. உணவு வங்கியை 1983இல் தொடங்கியவர்கள் அது தற்காலிகம் என்றே நினைத்தார்கள்.

தோட்டங்கள் இந்தப் பசியைத் தீர்க்காது, அப்படிச் சொல்வது நேர்மையாக இராது. அவை வேறொன்றைத் தருகின்றன. தோர்ன்கிளிஃப் பார்க்கில் சபீனா அலி என்பவரும் சில பெண்களும் 2008இல் கூடி, பாழடைந்திருந்த பூங்காவுக்கு ஊஞ்சலும் வாரச் சந்தையும் கேட்டு நடந்தார்கள். 2013இல் அங்கே ஒரு தந்தூரி அடுப்பே கட்டினார்கள், நகரப் பொதுப்பூங்காவில். அந்த அடுப்பைச் சுற்றி ரொட்டி சுட்டு அறிமுகமான மனிதர்கள்தான் பத்து வருடம் கழித்து வாடகைக் கடிதம் வந்தபோது ஒருவர் கதவை ஒருவர் தட்டினார்கள் என்று நான் நம்புகிறேன். மல்வெர்னில் உயர்மின் கம்பிகளின் கீழே கிடந்த வெற்று நிலத்தில் இப்போது நகரப் பண்ணை இருக்கிறது. கோடையில் போனால் நம்மூர்க் கத்தரியையும் வெண்டியையும் கரீபியன் கலலூக் கீரையையும் ஒரே பாத்தி வரிசையில் பார்க்கலாம்.

நமக்கு ஒழுங்கமைக்கத் தெரியாதா? 2009 ஜனவரி 30இல் நகர நடுவில் கை கோத்து நின்றவர்கள் நாம். அதே வருடம் மே 10ஆம் தேதி, முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, குழந்தைகளோடு கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறியவர்கள் நாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு பள்ளிக்கும் பழைய மாணவர் சங்கம், அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் எல்லாம் உண்டு. அதே ஆட்கள் குடியிருக்கும் தொடர்மாடிக்கு ஒரு வாடகையாளர் சங்கம் இல்லை. 2017இல் கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாமின் வாசலில் ஒரு மாதம் பனியிலும் வெயிலிலும் கிடந்து தங்கள் காணியை மீட்டபோது இங்கே அதைப் பார்த்து அழுதோம். 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் படகேறித் தங்கள் தீவில் போய் இறங்கியபோது பெருமைப்பட்டோம். அந்தப் பெண்கள் கேட்டதும் நான் சொன்ன ஒன்பதாம் மாடி அம்மா கேட்பதும் ஒன்றுதான்: இருந்த இடத்தில் இருக்க விடு.

இந்த நிலத்துக்கு நமக்கு முன்னே சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பதையும் நாம்தான் எல்லோரிலும் நன்றாக உணர வேண்டும். 1805இல் மிசிசாகா மக்களிடம் 250,830 ஏக்கரைப் பத்து ஷில்லிங்குக்கு எழுதி வாங்கினார்கள். ரொறன்ரோவின் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். அந்தக் கணக்கு 2010இல்தான் 14.5 கோடி டொலரோடு ஒரு முடிவுக்கு வந்தது. ரூஜ் ஆற்றங்கரையில் செனெக்கா மக்களின் ஊர் ஒன்று இருந்தது. பிக்கரிங் நிலம் பூங்காவோடு சேரும்போது, அதில் யார் பயிர் செய்வார்கள், எத்தனை வருடக் குத்தகையில், பூர்வகுடிகளுக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்விகள் எல்லாம் இனித்தான் தீர வேண்டும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கரிங் என்று அந்த நிலத்தைச் சுற்றி வாழும் தமிழர்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போக வேண்டும். வன்னியில் வயல் செய்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இன்று கிடங்குகளில் பெட்டி அடுக்குகிறார்கள். அவர்களுக்கு ஐந்து ஏக்கர் நீண்ட குத்தகையில் கிடைக்குமா என்று அங்கே எழுந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த அம்மாவின் கட்டடத்தில் போன மாதம் முதல் கூட்டம் நடந்தது. சலவை அறையில், இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே பதினான்கு பேர். ஒரு சோமாலியப் பெண், இரண்டு பிலிப்பினோக் குடும்பங்கள், ஒரு வயதான கயானாக்காரர், மிச்சம் தமிழர். தீர்ப்பாயத்துக்கு எழுத வேண்டிய பதிலில் கையெழுத்து வாங்க மாடி மாடியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழாம் மாடியில் இருந்து பதினோராம் மாடி வரை அந்த அம்மா ஏற்றுக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்குத் தமிழில் விளக்க ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.